டிரங்குப் பெட்டியிலிருந்து கணினிக்கு: பத்திரங்களையும் புகைப்படங்களையும் ஸ்கேன் செய்யும் முறை

காவிரிப் படுகையில் கொஞ்சம் பழைய வீடு எதுவானாலும், பரண்மேலோ கட்டிலுக்கு அடியிலோ ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம், குத்தகைச் சீட்டு, ஜாதக நோட்டு, கல்யாணப் பத்திரிகை, சிங்கப்பூரிலிருந்து வந்த கடிதக் கட்டு, கும்பகோணத்து ஸ்டூடியோவில் விறைப்பாக நின்று எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் என்று எல்லாம் அதில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். இவற்றைக் கணினியில் ஏற்றிவைக்க நினைப்பவர்கள், பெரும்பாலும் முதல் நாளிலேயே இரண்டு கேள்விகளில் சிக்கி நிற்கிறார்கள்: எத்தனை டிபிஐ, அதாவது எவ்வளவு நுணுக்கம் வைப்பது, எந்தக் கோப்பு வடிவத்தில் சேமிப்பது. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும், அவற்றுக்கு முன்னும் பின்னும் செய்யவேண்டியவற்றையும், இதுவரை ஸ்கேனரைத் தொட்டிராதவருக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறது.

எங்கள் வட்டாரத்து ஆட்களுக்கு ஒரே ஓர் உவமையில் இதன் சாரத்தைச் சொல்லிவிடலாம். அறுத்த நெல்லில் விதைக்கென்று ஒரு பங்கை எடுத்துத் தனியாகக் கோட்டை கட்டி வைத்துவிட்டு, மிச்சத்தைத்தான் அரைத்து அரிசியாக்குவோம். ஸ்கேன் செய்த மூலக்கோப்பு விதைநெல். வாட்ஸ்அப்பில் அனுப்பவும் விண்ணப்பத்தில் ஏற்றவும் அதிலிருந்து சுருக்கி எடுக்கும் கோப்பு அரிசி. நெல்லிலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் அரிசி எடுக்கலாம். அரிசியை விதைத்தால் முளைக்காது. புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை விதைநெல்லையே அரைத்துவிடுகிற வகையைச் சேர்ந்தவை.

எடுப்பதற்கு முன்

முதலில் காலம் பார்க்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெட்டியைத் திறக்காமலிருப்பது நல்லது; ஈரக்காற்றில் காகிதம் சுருண்டு, கண்ணாடிமேல் படியாமல் எழும்பி நிற்கும், புகைப்படத்தில் உருவம் பதிந்திருக்கும் பசைப்பரப்பு பிசுபிசுத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பொங்கலுக்குப் பின், தை, மாசி, பங்குனி மாதங்கள் இந்த வேலைக்கு ஏற்றவை. ஏற்கெனவே ஈரமாயிருக்கும் காகிதத்தை வெயிலில் காயவைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு, வேண்டாம். வெயில் மையை வெளிறச் செய்து காகிதத்தை மொரமொரப்பாக்கிவிடும். தாழ்வாரத்தில் நிழலில் பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் ஒவ்வொன்றாகப் பரப்பி, மின்விசிறியை நேராக அடிக்காமல் மெதுவாக ஓடவிட்டால் ஓரிரு நாளில் காய்ந்துவிடும்.

அடுத்து, குண்டூசிகளையும் கிளிப்புகளையும் கழற்றவேண்டும். கடற்காற்று வீசும் பகுதிகளில் இவை துருப்பிடித்துக் காகிதத்தோடு ஒட்டியிருக்கும். இழுத்துப் பிடுங்காமல், ஊசிக்கும் காகிதத்துக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகி நெகிழ்த்தி எடுக்கவேண்டும். நூலால் தைத்திருக்கும் பத்திரத்தைப் பிரிக்கக் கூடாது. இராமபாணப் பூச்சி அரித்த தாளைத் தட்டாமல், மென்மயிர்த் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் துடைக்கவேண்டும். பிறகு எல்லாவற்றையும் நிலம், குடும்பம், படிப்பு, படங்கள் என்று நான்கைந்து குவியலாகப் பிரித்து, முக்கியமானதும் நலிந்திருப்பதும் எந்தக் குவியலில் இருக்கின்றனவோ அதிலிருந்து தொடங்குங்கள். படங்களில் தொடங்கினால் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவீர்கள். இது அனுபவத்தில் சொல்வது.

எந்தக் கருவி

வீட்டு வேலைக்குக் கண்ணாடிமேல் தாளைக் கவிழ்த்து வைக்கும் தட்டை ஸ்கேனரே போதும். ஜெராக்ஸ் கடைகளில் தாளை ஒருபக்கம் செருகினால் மறுபக்கம் துப்பும் இயந்திரம் இருக்கிறதே, அதில் பழைய காகிதத்தை ஒருபோதும் விடக்கூடாது. மடிப்பில் நைந்த பத்திரம் உருளைகளுக்கு இடையே சிக்கிக் கிழிந்தால் ஒட்டவைக்க முடியாது. கடைக்காரரிடம் கொடுப்பதானால் மேலே மூடி திறந்து வைக்கச்சொல்லி, கூடவே நில்லுங்கள்.

தட்டை ஸ்கேனர்களில் சிஐஎஸ், சிசிடி என இரண்டு வகை உண்டு. மெல்லியதாக, யுஎஸ்பி கம்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் மலிவான கருவிகள் பெரும்பாலும் சிஐஎஸ் வகை. கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பை மட்டுமே இவை கூர்மையாகக் காட்டும். கண்ணாடியிலிருந்து சற்றே எழும்பி நிற்கும் நோட்டுப் புத்தகத்தின் நடுமடிப்பும் சட்டத்தில் போட்ட படமும் இவற்றில் மங்கிவிடும். தடித்த, விலை கூடிய சிசிடி வகைக்கு இந்தக் குறை குறைவு. தனித்தனித் தாள்கள் மட்டுமே என்றால் மலிவானதே போதும். ஜாதக நோட்டும் கணக்குப் புத்தகமும் நிறைய இருந்தால் சிசிடி வகையை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் டிபிஐ எண்ணை நம்பவேண்டாம். “ஆப்டிகல்” என்று குறிப்பிட்டிருக்கும் எண்தான் கருவியின் உண்மையான திறன், அதற்கு மேற்பட்டவை மென்பொருள் ஊகித்து நிரப்பும் புள்ளிகள்.

செல்போனும் சில வேளைகளில் ஸ்கேனரைவிட மேலானது. தொட்டால் உதிரும் தாளையும், கண்ணாடிக்கு அடங்காத நீளத் தாளையும் செல்போனில்தான் எடுக்கவேண்டும். 12 மெகாபிக்சல் செல்போன் படம் 4000 × 3000 புள்ளி கொண்டது; 11.7 அங்குல நீளமுள்ள ஏ4 தாள் அந்தப் படத்தை நிறைத்து நின்றால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 340 புள்ளி கிடைக்கும், இது ஒரு ஸ்கேனர் படத்துக்கு நிகரான அளவுதான். முற்றத்து வெளிச்சம் சாய்வாக வந்து விழும் தாழ்வாரத்தில், பிளாஷ் போடாமல், செல்போனைத் தாளுக்கு நேர் மேலே இணையாகப் பிடித்து எடுக்கவேண்டும். ஸ்கேன் செய்யும் செயலிகள் தாளைப் பளிச்சென்று வெள்ளையாக்கிக் காட்டும் வடிகட்டியைத் தாமே போட்டுவிடும், அதை அணைத்துவிடுங்கள்.

எத்தனை டிபிஐ

டிபிஐ என்பது ஓர் அங்குல நீளத்தை ஸ்கேனர் எத்தனை புள்ளிகளாகப் பிரித்துப் பார்க்கிறது என்பதைக் காட்டும் எண். 300 டிபிஐ-யில் ஓர் ஏ4 தாள் 2480 × 3508 புள்ளிகளாகும். மொத்தம் 87 லட்சம் புள்ளி. வண்ணத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட் என்றால், சுருக்காத கோப்பு 26 எம்பி. டிபிஐ-யை இரட்டிப்பாக்கினால் கோப்பு இரட்டிப்பாகாது, நான்கு மடங்காகும். அதே தாள் 600-இல் 104 எம்பி. இந்தக் கணக்கு மனத்தில் இருந்தால், எல்லாவற்றையும் 1200-இல் எடுத்துவிட்டு வட்டு நிரம்பியதும் வேலையையே கைவிடும் நிலை வராது.

அச்சிட்ட தாளுக்கும் தட்டச்சு செய்த தாளுக்கும் 300 போதும். பழைய பத்திரம், மெல்லிய கார்பன் நகல், பென்சில் குறிப்பு, தமிழ்ப் பின்னக் குறிகள் நிறைந்த கணக்கு ஆகியவற்றுக்கு 400 அல்லது 600 வையுங்கள். ஸ்டூடியோக்காரர்கள் மேக்ஸி சைஸ் என்று சொல்லும் 4 × 6 அங்குலப் புகைப்படத்துக்கு 600; அது 2400 × 3600 புள்ளி தரும், சுவரில் மாட்டும் அளவுக்கு அச்சிடலாம். பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றே ஒன்றுதான் அந்த மனிதருக்கு எஞ்சியிருக்கிறது என்றால் 1200. நெகட்டிவ் கதை வேறு. 35 மிமீ பிலிமில் படம் 24 × 36 மிமீ மட்டுமே என்பதால், 2400 டிபிஐ வைத்தால்தான் சுமார் 77 லட்சம் புள்ளி கிடைக்கும். அதற்கு மூடியிலும் விளக்குள்ள ஸ்கேனர் வேண்டும், சாதாரண ஸ்கேனரில் நெகட்டிவைக் கவிழ்த்தால் கறுப்புப் பட்டைதான் வரும்.

நிறம் பற்றி ஒரே விதி: எல்லாவற்றையும் வண்ணத்திலேயே எடுங்கள். கறுப்பு வெள்ளைப் படமும் உண்மையில் கறுப்பு வெள்ளையாக இருப்பதில்லை. பழுப்பேறியதும் ஓரங்களில் வெள்ளி பூத்ததும் வண்ணத்தில்தான் பிரிந்து தெரியும், பின்னால் கறையை நீக்க அந்த வேறுபாடு உதவும். பத்திரத்தில் ஊதா முத்திரையும் நீல மைக் கையெழுத்தும் கறுப்பு எழுத்தின்மேல் விழுந்திருக்கும்; சாம்பல் நிறத்தில் எடுத்தால் மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடும். மிக வெளிறிய புகைப்படங்களுக்கும் நெகட்டிவுக்கும் நிற வேறுபாடுகளை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 48-பிட் வண்ணம், மற்றவற்றுக்கு வழக்கமான 24-பிட் போதும்.

பத்திரங்கள்

இந்தப் பகுதியில் சற்று நிதானமாகச் செல்கிறேன், ஏனெனில் பிழை நேர்ந்தால் விலை கொடுக்கவேண்டிய இடம் இதுதான். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த இரவு, எங்கள் உறவினர் வீட்டில் ஓடுகள் பறந்து டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியது. அதற்கு முந்தைய ஆண்டே நான் அந்தப் பத்திரங்களை எல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். பெருமையோடு கோப்புகளைத் திறந்து பார்த்தபோதுதான் முன்பக்கங்களை மட்டும் எடுத்திருப்பது தெரிந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் இட்ட பதிவெண், புத்தக எண், பக்கம், கைரேகை, அடையாளம் காட்டியவர்களின் கையெழுத்து எல்லாம் பின்பக்கத்தில் இருந்தன. பேனா மை கரைந்து அவை நீலத் திட்டாகிவிட்டன. பின்பக்கம் வெறுமையாகத் தெரிந்தாலும் எடுங்கள். சுவடே இல்லை என்பதற்கும் அந்தப் படம்தான் சான்று.

பழைய முத்திரைத்தாள் ஏ4-ஐவிட நீளமானது. ஸ்கேனர் கண்ணாடியில் அடியில் இரண்டு மூன்று அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மடித்துத் திணிப்பதும், மேலே அச்சிட்ட முத்திரைப் படத்தை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் எடுப்பதும் தவறு. மேற்பாதியை ஒருமுறையும் கீழ்ப்பாதியை ஒருமுறையும், நடுவில் குறைந்தது நான்கைந்து வரிகள் இரண்டிலும் வரும்படி எடுங்கள். பிறகு ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளில் இரண்டையும் ஒட்டலாம், ஆனால் ஒட்டாத இரண்டு மூலங்களையும் அழிக்காதீர்கள். தாளின் நான்கு ஓரங்களும் படத்துக்குள் விழவேண்டும். ஓரத்தில் சாட்சி கையெழுத்துப் போட்டிருக்கலாம், அடித்தல் திருத்தல் குறிப்பு இருக்கலாம். மெல்லிய தாளில் மறுபக்கத்து எழுத்து ஊடுருவித் தெரிந்தால், முதுகுப் பக்கம் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள். வெள்ளைத் தாளைவிடக் கறுப்புத் தாள் இந்த ஊடுருவலை நன்றாக அடக்கும்.

ஸ்கேன் மென்பொருளில் தூசு நீக்கல், புள்ளி நீக்கல், கூர்மையாக்கல், தானியங்கி நிறத்திருத்தம் என்று சில வசதிகள் இருக்கும். அவை எல்லாவற்றையும் அணையுங்கள். தமிழுக்கு இதில் தனி ஆபத்து உண்டு: மெய்யெழுத்தின் தலையில் நிற்கும் புள்ளியைத் தூசு என்று கருதி மென்பொருள் அழித்துவிடும். “பால்” என்பது “பால” ஆகிவிடும். ஊர்ப்பெயரிலும் ஆட்பெயரிலும் இது நேர்ந்தால் பின்னால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. எண்களிலும் இதுபோன்ற பேராபத்து ஒருமுறை வெளிப்பட்டது. 2013-இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசெல் என்னும் கணினி அறிஞர், பெரிய நிறுவனமொன்றின் நகலெடுப்பு இயந்திரம் ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்கையில் அறைகளின் பரப்பளவு எண்களையே மாற்றிவிட்டதைக் காட்டினார். ஒன்றுபோல் தோன்றும் எழுத்துருவங்களை ஒரே உருவமாகக் கருதி இடத்தை மிச்சப்படுத்தும் ஜேபிக்2 என்ற சுருக்குமுறை, 6-ஐ 8 என்று வைத்துவிட்டது. மங்கலாக அல்ல, பளிச்சென்ற 8. சர்வே எண்ணில் அப்படி நடந்தால் பக்கத்து வீட்டுக்காரர் நிலம் உங்கள் கோப்பில் ஏறிவிடும். ஆகவே பத்திரத்தை இரண்டே நிறத்தில், மிகச்சிறிய பிடிஎஃப் ஆகச் சுருக்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு தாளையும் எடுத்தவுடன் திரையில் முழு அளவில் பெரிதாக்கி, சர்வே எண், விஸ்தீரணம், தேதி ஆகிய மூன்றையும் கையிலுள்ள தாளோடு ஒத்துப்பாருங்கள். அதற்கு அரை நிமிடம் ஆகும்.

ஸ்கேன் செய்த கோப்பு மூலப் பத்திரத்துக்கு மாற்று ஆகாது என்பதையும் சொல்லவேண்டும். வங்கியும் நீதிமன்றமும் மூலத்தையோ பதிவுத்துறை தரும் சான்றிட்ட நகலையோதான் கேட்கும். ஆனால் மூலம் தொலைந்தால் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கப் பதிவெண்ணும் ஆண்டும் வேண்டும். அவற்றைத் தருவது உங்கள் கோப்பு.

புகைப்படங்கள்

படத்தை ஓரத்தைப் பிடித்தே எடுக்கவேண்டும். வியர்வை பட்ட விரல்ரேகை பசைப்பரப்பில் நிரந்தரமாகப் பதியும். கறுப்புத் தாள் ஆல்பத்தில் முக்கோண மூலைகளில் செருகிய படங்களை எளிதாக எடுத்துவிடலாம். 1980-களில் வந்த, பிசின் தடவிய பக்கத்தின்மேல் பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பங்கள்தான் தொல்லை. பிளாஸ்டிக்கை மட்டும் மெதுவாக நீக்கி, படத்தைப் பிரிக்காமல் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். பூஜை அறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டி, ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன தாத்தா படத்தைப் பிரிக்கவே முயலாதீர்கள். முகம் கண்ணாடியில்தான் தங்கும். கண்ணாடியோடு சேர்த்து, சிசிடி ஸ்கேனரிலோ செல்போனிலோ எடுத்துவிடுங்கள்.

பத்திரிகையிலிருந்தும் கல்யாண அழைப்பிதழிலிருந்தும் வெட்டிவைத்த படங்கள் சிறு சிறு மைப்புள்ளிகளால் ஆனவை; ஸ்கேனரின் புள்ளிவரிசையோடு அவை மோதி, பட்டுச் சேலையில் நீரலை ஓடுவதுபோன்ற கோலம் தோன்றும். 600-இல் எடுத்துப் பிறகு பாதியாகச் சுருக்கினால் பெருமளவு அடங்கும். ஓலைச்சுவடி வீட்டில் இருந்தால் ஸ்கேனரில் கவிழ்க்கவேண்டாம்; தஞ்சாவூரில் சரசுவதி மகால் நூலகமும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன, அங்கே விசாரித்துவிட்டுக் கைவையுங்கள்.

எந்த வடிவத்தில் சேமிப்பது

டிஃப் என்பது 1986-இல் ஸ்கேனர்களுக்காகவே உருவான வடிவம். ஸ்கேனர் கண்ட ஒவ்வொரு புள்ளியையும் அப்படியே வைத்திருக்கும். எல்இசட்டபிள்யூ என்ற சுருக்கத்தைத் தேர்ந்தெடுத்தால், எதையும் இழக்காமலேயே பெரும்பாலும் கோப்பின் பருமன் குறையும். விதைநெல்லைக் கட்டிவைக்க இதுவே கோட்டை. உங்கள் மென்பொருளில் டிஃப் இல்லையென்றால் பிஎன்ஜி எடுங்கள். அதுவும் எதையும் இழக்காது, எந்தக் கணினியிலும் திறக்கும்.

ஜேபெக் வேறு குணம் உடையது. படத்தை 8 × 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண் கவனிக்காது என்று கணித்த நுணுக்கங்களை எறிந்துவிட்டுச் சேமிக்கும். முகத்திலும் வானத்திலும் இது தெரியாது, எழுத்தில் தெரியும். ஒரு தட்டச்சுத் தாளை ஜேபெக்கில் குறைந்த தரத்தில் சேமித்து, “ழ” எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி ஈ மொய்ப்பதுபோல் சாம்பல் துணுக்குகள் தெரியும். அதே கோப்பைத் திறந்து, திருப்பி, ஓரம் வெட்டி, மறுபடி ஜேபெக்காகச் சேமித்தால் துணுக்குகள் கூடும். அரைத்த அரிசியை மறுபடி அரைப்பதுதான் அது. நாலாம் முறை நொய். பின்னால் அதை டிஃப் ஆக மாற்றினாலும் போனது திரும்பாது, கோப்பு மட்டும் பருக்கும்.

இருந்தாலும் ஒரு சலுகை தருவேன். உங்களிடம் 2,000 புகைப்படம் இருக்கிறது, 26 எம்பி வீதம் 52 ஜிபி ஆகும், அதற்கு வட்டில் இடமில்லை என்றால், சாதாரணக் குடும்பப் படங்களை ஜேபெக்கில் தரம் 95 வைத்து ஒரே ஒருமுறை சேமித்து, அந்தக் கோப்பைத் திருத்தாமல் பூட்டிவிடுங்கள். திருத்தமெல்லாம் நகலில் செய்யுங்கள். எல்லாம் டிஃப் ஆகத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துப் பாதியில் நிறுத்துவதைவிட இது மேல். பத்திரங்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

பிடிஎஃப் பற்றி ஒரு மயக்கம் பரவலாக இருக்கிறது. அது படச் சேமிப்பு முறை அன்று, ஓர் உறை. உறைக்குள் நல்ல படமும் இருக்கலாம், நசுங்கிய ஜேபெக்கும் இருக்கலாம். ஆகவே “பிடிஎஃப் ஆக வைத்திருக்கிறேன்” என்பது தரத்தைப்பற்றி எதையும் சொல்வதில்லை. பல பக்கங்களை வரிசை குலையாமல் ஒன்றாகக் கட்டிவைப்பதுதான் அதன் பலம். பன்னிரண்டு பக்கப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் படிக்கவும் அனுப்பவும் அதைவிட வசதியானது இல்லை. அதிலும் நெடுங்காலப் பாதுகாப்புக்கென்று 2005-இல் ஐஎஸ்ஓ தரமாக அறிவிக்கப்பட்ட பிடிஎஃப்/ஏ என்னும் வகை உண்டு. நாப்ஸ்2 என்ற இலவச ஸ்கேன் மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுக்கலாம். பக்கம் பக்கமாக டிஃப் மூலங்கள், அவற்றிலிருந்து கட்டிய ஒரு பிடிஎஃப்/ஏ: ஒரு பத்திரத்துக்கு இவ்வளவுதான். ஐபோனில் எடுத்த படங்கள் ஹெயிக் வடிவில் வரும். பழைய கணினிகளில் திறக்காது என்பதால், அமைப்புகளில் ஜேபெக் என்று மாற்றிக்கொண்ட பிறகு எடுங்கள்.

பெயர் வைத்தல்

ஸ்கேனர் தானாக வைக்கும் “ஸ்கேன்0047” போன்ற பெயர்கள் அடுத்த வாரமே புரியாது. ஆண்டு, மாதம், நாள், பொருள், பக்கம் என்ற வரிசையில் “1961-01-22_கிரயம்_நஞ்சை_பக்கம்-03-பின்” என்று வைத்தால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். பக்க எண்ணை 3 என்று எழுதாமல் 03 என்று எழுதுவதும் அதற்காகவே. தமிழில் பெயர் வைக்கலாம். ஏதாவது பழைய கணினி அதைக் கட்டம் கட்டமாகக் காட்டினாலும், முன்னால் நிற்கும் எண்கள் உங்களைக் காப்பாற்றும்.

தேதியைக் கண்டுபிடிப்பதே சில வேளை வேலையாகிவிடும். பழைய கடிதங்களில் “சார்வரி வருஷம் தை மாதம்” என்றுதான் இருக்கும். தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. சார்வரி 2020-இலும் பிறந்தது, 1960-இலும் பிறந்தது, 1900-இலும் பிறந்தது. எந்தச் சார்வரி என்பதைத் தபால்தலையையோ முத்திரைத்தாளையோ பார்த்துத் தீர்க்கலாம்: மன்னர் படம் என்றால் பழையது; நயா பைசா என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. இன்னொரு கண்ணி, ஆண்டு சித்திரையில் பிறப்பதால் 1960-இல் தொடங்கிய சார்வரியின் தை மாதம் 1961 ஜனவரியில்தான் வரும். ஊர்ப்பெயரிலும் இப்படித்தான். பத்திரத்தில் “தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலுக்கா” என்றிருக்கும். 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்து, 2020-இல் அதிலிருந்து மயிலாடுதுறை மாவட்டம் பிரிந்தது. கோப்புப் பெயரில் இன்றைய ஊர்ப்பெயரை வைத்து, பழைய பெயரை உடன் வைக்கும் பட்டியலில் குறித்துக்கொள்ளுங்கள். “மூன்று மா” என்பது தஞ்சை வட்டாரத்தில் ஏறத்தாழ ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்பதையும் அந்தப் பட்டியலின் தலையில் எழுதிவைத்தால், சென்னையில் வளரும் பிள்ளைகளுக்கு உதவும்.

புகைப்படங்களுக்கு அவற்றில் இருப்பவர்களின் பெயர்கள் வேண்டும், அவை யார் தலையில் இருக்கின்றனவோ அவர்கள் மூப்படைந்துகொண்டிருக்கிறார்கள். ஸ்கேன் செய்த படத்தைக் கொஞ்சம் பெரிதாக அச்சிட்டு அத்தையிடம் கொண்டுபோங்கள். “இடமிருந்து வலம் சொல்லுங்கள் அத்தை” என்று கேட்டால், பெயரோடு அந்தப் படம் எடுத்த அன்று யார் யாரோடு பேசாமலிருந்தார்கள் என்பதும் சேர்ந்தே வரும். பெயர்களைப் பட்டியலில் ஏற்றுங்கள்; மூலப் படத்தின் முதுகில் எழுதுவதானால் மென்மையான பென்சிலால் மட்டும் எழுதவேண்டும், பந்துமுனைப் பேனா முன்பக்கத்தில் வடுவாகத் தெரியும்.

எழுத்தைக் கணினி படிக்கவேண்டுமானால்

டெசராக்ட் என்னும் இலவச மென்பொருளும் கூகுள் டிரைவும் தமிழ் அச்செழுத்தைப் படித்துத் தேடத்தக்க உரையாக மாற்றித் தரும். 300 டிபிஐ-யில் நேராக எடுத்த தெளிவான தாளாக இருந்தால் நன்றாகவே படிக்கின்றன. பழைய அச்சில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன், லை, ளை, னை, ணை ஆகியவை யானைத் தும்பிக்கைபோல் மேலே சுழித்த கொம்போடும், றா, னா, ணா ஆகியவை தனிச் சுழியோடும் அச்சாயின. தமிழ் எண்களும் அப்படியே; ௧ ககரமாகவும் ௭ எகரமாகவும் படிக்கப்பட்டுவிடும். கையெழுத்துக்கு இந்த வழியை நம்பவேண்டாம், உட்கார்ந்து தட்டச்சு செய்வதே விரைவானது.

அனுப்புவதும் ஏற்றுவதும்

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தானே படத்தைச் சுருக்கிவிடும். தம்பிக்குப் பத்திரத்தை அனுப்புவதானால் இணைப்புக் குறியை அழுத்தி, “டாகுமெண்ட்” என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். அப்போது கோப்பு அப்படியே போய்ச் சேரும்.

அரசுத் தேர்வு விண்ணப்பங்கள் புகைப்படம் 50 கேபி-க்குள், ஜேபெக்கில் வேண்டும் என்பது போன்ற வரம்பு வைக்கின்றன. இதற்கென்று மறுபடி ஸ்கேன் செய்யவேண்டாம். மூலத்தின் நகலைத் திறந்து, முதலில் புள்ளி அளவைக் குறையுங்கள்: 3.5 × 4.5 செமீ படத்துக்கு 300 டிபிஐ-யில் 413 × 531 புள்ளி போதும். பிறகே தரத்தை 85, 80 என்று படிப்படியாக இறக்குங்கள். பெரிய படத்தைப் பெரிதாகவே வைத்துக்கொண்டு தரத்தை 10-க்கு இறக்கினால் வரம்புக்குள் வரும், முகம் கட்டம் கட்டமாகிவிடும்.

காப்பு

ஒரே வீட்டில் கணினியிலும் பென்டிரைவிலும் வைத்திருப்பது, வெள்ளம் வரும் ஊரில் ஒரு பிரதி என்றே கணக்கு. கணினியில் ஒன்று, வெளி வன்வட்டில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று என்று மூன்று வேண்டும். மூன்றாவது திருச்சியிலோ சென்னையிலோ இருக்கும் உறவினர் வீட்டு வன்வட்டாக இருக்கலாம், இணையச் சேமிப்பாகவும் இருக்கலாம். பென்டிரைவ் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு, வைத்துக் காப்பதற்கு அன்று. மேட்டூரில் தண்ணீர் திறக்கும் ஜூனில் ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை என்று ஆண்டுக்கு இருமுறை வன்வட்டை இணைத்து, ஏதேனும் பத்துக் கோப்புகளைத் திறந்துபாருங்கள்.

மூலங்களை எறியாதீர்கள், லேமினேஷனும் செய்யாதீர்கள். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க வழியில்லை. ரப்பர் பேண்டுக்குப் பதில் பருத்தி நாடாவால் கட்டி, தரையில் படாமல் உயரமான இடத்தில், பெட்டியில் இரண்டு துண்டு வசம்பு போட்டு வையுங்கள். கோப்புப் பட்டியலை ஒரு தாளில் அச்சிட்டு, எந்த வன்வட்டு யார் வீட்டில் இருக்கிறது என்பதையும் அதன் அடியில் எழுதி, பெட்டி மூடியின் உட்புறத்தில் ஓர் உறையில் செருகிவிடுங்கள்; அடுத்து அந்தப் பெட்டியைத் திறப்பவர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம்.